வெள்ளிக் காசு வாங்கிச் சேமிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடித்து வெள்ளிக் காசாக வாங்கி வைக்கலாமா என்று உறவினர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் கேட்கிறார்கள். தங்கத்தில் ஒரு பவுன் என்பதே பலருக்கும் எட்டாக்கனி ஆன பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. நான் சில வருடங்களாக இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறேன். இரண்டு முறை விற்றும் இருக்கிறேன். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் கடைக்குப் போய்ச் சில்லறையாக வாங்குபவர்களுக்கானது இது. கிலோக் கணக்கில் வியாபாரம் செய்பவர்களுக்கு அல்ல.

வெள்ளி நல்ல முதலீடா?

சேமிப்பில் ஒரு சின்னப் பங்குக்கு, நீண்ட காலம் தொடாமல் வைக்க முடிந்தால், நல்லதுதான். ஆனால் ‘வெள்ளி எப்போதும் ஏறும்’ என்று யாராவது சொன்னால் பழைய விலைகளை ஒருமுறை பாருங்கள்.

1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி (31.1 கிராம்) 50 டாலரை நெருங்கியது. அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததே அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம். அதே வருடம் மார்ச் 27 அன்று ஒரே நாளில் விலை பலமாகச் சரிந்தது. மறுபடி 50 டாலரை நெருங்க 2011 ஏப்ரல் வரை ஆனது. அப்போது இங்கே கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியது. ‘இன்னும் ஏறும்’ என்று அன்று வாங்கியவர்கள், 2015 கடைசியில் கிலோ 35,000 ரூபாய்க்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். பிறகு 2025 அக்டோபரில்தான் டாலர் விலை 50-ஐக் கடந்து மேலே போனது. 1980 உச்சத்தில் வாங்கியவர் டாலர் கணக்கில் 45 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரூபாயின் மதிப்பு குறைந்துகொண்டே வந்ததால் நம் ஊர்க்காரருக்கு அந்த வலி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை வெள்ளியில் போடாதீர்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டு முன்பணம், ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்த பணம் எதுவும் இதில் வரக்கூடாது. மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு.

தங்கத்தைவிட வெள்ளி ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

வெள்ளி பாதி நகைக்கடைச் சரக்கு, பாதி தொழிற்சாலைச் சரக்கு. சோலார் தகடு, மின்சாரக் கருவிகள், வாகனங்கள் என்று தொழில்துறைக்கே பெரும்பகுதி போகிறது. தொழில் மந்தமானால் அந்தத் தேவை சுருங்கும். இன்னொரு பக்கம், வெள்ளிக்கென்று மட்டும் தோண்டும் சுரங்கங்கள் குறைவு. ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே கிடைப்பதுதான் அதிகம். விலை ஏறிவிட்டது என்பதற்காக உடனே கூடுதலாக எடுத்துவிட முடியாது.

நமக்கு இதில் இறக்குமதி வரியும் சேர்ந்துகொள்கிறது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வெள்ளி மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. உலக விலை பெரிதாக அசையாமலேயே இங்கே விலை மளமளவென்று இறங்கியது. அதற்கு முந்தின நாள் வாங்கியவர்களை நினைத்து எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

கொலுசு, குத்துவிளக்கு, காசு, கட்டி: எதை வாங்குவது?

போட்டு அழகு பார்க்க வேண்டும் என்றால் கொலுசு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பரம்பரையாகக் கொலுசு செய்பவர்களின் கைவேலைக்குக் கொடுக்கும் கூலி நியாயமான கூலிதான். ஆனால் அது உடைமை, முதலீடு இல்லை. கொலுசில் செம்பு கலந்தால்தான் உறுதி வரும். அதனால் வெள்ளியின் தரம் கடைக்குக் கடை மாறும். வியாபாரிகள் இதை ‘டச்’ என்பார்கள். 80 டச் என்றால் நூறில் எண்பது பங்குதான் வெள்ளி. விற்கப் போகும்போது அந்த எண்பதுக்குத்தான் காசு. கூலியும் சேதாரமும் போனது போனதுதான். கோர்த்திருக்கும் சலங்கை, அரக்கு, கல் எல்லாம் எடையில் கழியும்.

குத்துவிளக்கு, குங்குமச்சிமிழுக்கும் இதே கதைதான். சேமிப்புக்கு என்றால் சுத்த வெள்ளியில் காசு அல்லது கட்டி வாங்குங்கள். 100 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்க முடிந்தால் கட்டியில் கூலி குறைவு. மாதாமாதம் கொஞ்சம் என்றால் காசுதான் தோது. அவசரத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் விற்கலாம் என்பது காசில் இருக்கும் பெரிய வசதி.

பேப்பரில் போடும் விலைக்கும் கடையில் கேட்கும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இந்தக் கேள்வியை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வெள்ளியில் நஷ்டப்படுபவர்களில் பலர் விலை இறங்கி நஷ்டப்படுவதில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

கணக்குக்காக ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் காசு வாங்குகிறீர்கள். வெள்ளிக்கு 5,000 ரூபாய். கடைக்காரர் கூலியாகக் கிராமுக்கு 10 ரூபாய் போட்டால் 500. மொத்தம் 5,500 ரூபாய்க்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 165 ரூபாய். கையை விட்டுப் போனது 5,665 ரூபாய். மறுநாளே விற்கப் போகிறீர்கள், விலை மாறவில்லை. கடையில் 3 சதவீதம் கழித்து எடுத்துக்கொண்டால் கையில் வருவது 4,850 ரூபாய். 815 ரூபாய் காணோம். போட்ட பணம் திரும்ப வரவே கிராம் 116 ரூபாய் 80 காசுக்குப் போக வேண்டும்.

இதையே 100 கிராம் கட்டியாக, கிராமுக்கு 3 ரூபாய் கூலியில் வாங்கினால் வரி சேர்த்து 10,609 ரூபாய். அதே கழிவில் விற்றால் 9,700 ரூபாய். இங்கே விலை 109 ரூபாய் 40 காசு வந்தால் போதும். வெள்ளி ஒன்றுதான், கூலி மட்டும்தான் வேறு.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. “கூலி, வரி எல்லாம் சேர்த்துக் கிராம் எவ்வளவு விழுகிறது?” அப்புறம், “இதே காசை இன்றைக்கே திரும்பக் கொடுத்தால் கிராமுக்கு எவ்வளவு தருவீர்கள்?” இரண்டாவது கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். 5 கிராம், 10 கிராம் காசில் கூலி விகிதம் அதிகம் என்பதால், மாதம் 10 கிராம் வாங்குவதைவிட சில மாதப் பணத்தைச் சேர்த்து 20 அல்லது 50 கிராமாக வாங்குவது மேல்.

லட்சுமி உருவம், வண்ண அச்சு, பரிசுப் பெட்டி உள்ள காசு வாங்கலாமா?

பூஜைக்கும் பரிசுக்கும் வாங்கலாம். சேமிப்புக்கு வேண்டாம். ஆரம்பத்தில் நானும் வண்ணம் பூசிய சாமிப்படக் காசு நான்கு வாங்கினேன்; வெல்வெட் பெட்டியோடு பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு வருடம் கழித்து வேறொரு கடையில் விற்கப் போனபோது வண்ணத்துக்கென்று எடையில் கழித்தார்கள், ‘நம்ம கடைச் சரக்கு இல்லை’ என்று இன்னும் கொஞ்சம் கழித்தார்கள். பெட்டிக்கு ஒரு ரூபாயும் இல்லை. விலை ஏறியிருந்தும் போட்ட பணம்கூட வரவில்லை. அன்றிலிருந்து வழவழவென்று, எடையும் தரமும் மட்டும் பொறித்த காசுதான் வாங்குகிறேன். வரலட்சுமி நோன்புக்கு அதையே வைத்துக் கும்பிடுகிறோம். எந்தக் குறையும் இல்லை.

999, 925 என்றால் என்ன? ஹால்மார்க் அவசியமா?

ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பதுதான் அந்த எண். 999 என்றால் சுத்த வெள்ளி. 925 என்பது ஸ்டெர்லிங். மீதி பெரும்பாலும் செம்பு. சேமிப்புக்கு 999 அல்லது 999.9 வாங்குங்கள். பேப்பரில் வரும் தினசரி விலை சுத்த வெள்ளிக்கானது என்பதால் கணக்கும் சுலபம்.

தங்க நகைக்கு இருப்பதுபோல் வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்படவில்லை. விருப்பம் இருந்தால் போடலாம் என்ற நிலைதான். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் போடும் வெள்ளிப் பொருளுக்கும் ஆறு இலக்க எச்யுஐடி எண், அதாவது பொருளுக்குப் பொருள் மாறும் தனி அடையாள எண், வந்திருக்கிறது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காசு எம்எம்டிசி-பேம்ப் போன்ற சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சீல் வைத்த அட்டையில் வந்தால் அந்த அட்டையைக் கடைசி வரை பிரிக்காதீர்கள். அட்டை மேல் உள்ள எண்ணும் பில்லும்தான் விற்கும்போது பேசும்.

போலியை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது உறுதி. ஆனால் ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. ‘ஜெர்மன் சில்வர்’ என்று பாத்திரக்கடையில் விற்பதில் பெயரில்தான் வெள்ளி. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

எனக்குப் பிடித்த சோதனை தண்ணீர்ச் சோதனை. 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வேண்டும். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு. வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதால் 50 கிராம் காசு 4.8 அளவில் காட்ட வேண்டும். ஜெர்மன் சில்வராக இருந்தால் 5.7 பக்கம் போய்விடும். சின்னக் காசில் வித்தியாசம் நுணுக்கமாக இருக்கும் என்பதால் ஐந்தாறு காசைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். சீல் உடைக்காத காசுக்கு இந்த வேலை வேண்டாம்.

கடைகளில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துத் தரம் பார்ப்பார்கள். அது மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும். கெட்டியாக முலாம் பூசிய போலி அதில் தப்பலாம். அடர்த்தியில் தப்புவது கஷ்டம்.

பாட்டி வைத்துவிட்டுப் போன ராணிக் காசு, ராஜா காசு இருக்கிறது. உருக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் வருடத்தைப் பாருங்கள். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே மாதிரியான ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விக்டோரியா, மகுடம் இல்லாத எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் வரைக்கும் இந்தக் கணக்கு மாறவில்லை. தேயாத ஒரு விக்டோரியா ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும்.

உலகப்போர்க் காலத்தில், 1940-இல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1940 முதல் 1945 வரை உள்ள ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் எடை அதே 11.66 கிராம்தான், வெள்ளி மட்டும் 5.8 கிராம். 1947 ரூபாய் முழு நிக்கல், வெள்ளியே கிடையாது. கடையில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொட்டி ‘பழைய காசு, எல்லாம் ஒரே ரேட்’ என்று எடை போட விடாதீர்கள். வருட வாரியாகப் பிரித்துக் கொண்டுபோங்கள்.

சில வருடக் காசுகளுக்கு வெள்ளி விலைக்கு மேல் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. 1939 ரூபாய் அரிது. அதனாலேயே அதில் போலியும் அதிகம். நாணயச் சங்கக் கண்காட்சிகளில் காட்டிக் கேளுங்கள். கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோனால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயத்தைச் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், முதலீடு என்று நினைத்துப் பழைய காசை விலைக்கு வாங்காதீர்கள். அது தனிப் படிப்பு. வீட்டில் இருப்பதைப் பத்திரப்படுத்தினால் போதும்.

அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள்?

ஆசைக்கு வாங்கலாம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய் நாணயம் 35 கிராம் எடை. அதில் வெள்ளி 50 சதவீதம்தான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். உள்ளே இருக்கும் வெள்ளி பதினேழரைக் கிராம். விற்கும் விலை அதைவிட நன்றாகவே அதிகம்.

எங்கே வாங்குவது?

வீட்டுக்குப் பக்கத்தில், பல வருடமாக இருக்கும், திரும்பவும் வாங்கிக்கொள்ளும் கடை. சென்னைக்காரர்கள் சவுகார்பேட்டையில் விசாரித்தால் கூலி குறைவாகக் கிடைக்கும். பில் கேட்டு வாங்க வேண்டும். வங்கியில் காசு வாங்கினால் தரத்தில் கவலை இல்லை, ஆனால் விலை அதிகம், வங்கி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. இணையத்தில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

‘பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம்’ என்று சொல்வார்கள். அந்த 3 சதவீதத்துக்கு ஆசைப்பட்டால் தரத்துக்கும் ஆதாரம் இல்லை, பின்னால் வாங்கிய விலைக்கும் ஆதாரம் இல்லை.

நகைச்சீட்டில் சேர்ந்து வெள்ளிக் காசு எடுக்கலாமா?

பல கடைகளில் சீட்டு முடிந்ததும் நகைதான் எடுக்க வேண்டும், காசு தரமாட்டார்கள். சேரும் முன்பே அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 11 மாதச் சீட்டாக வைப்பதற்குக் காரணம் உண்டு: முன்பணமாக வாங்கியதை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால் சட்டம் அதை டெபாசிட்டாகக் கருதும். கடையை மூடிவிட்டுப் போனால் வரிசையில் நிற்பது நீங்கள்தான். என் வழி எளிது: அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பு போட்டு, முடிந்ததும் அந்தப் பணத்துக்குக் காசு வாங்குகிறேன்.

காசு கறுத்துவிட்டது. மதிப்பு போய்விடுமா?

போகாது. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வரும் மேல்படலம் அது. எடைக்கும் தரத்துக்கும் பாதிப்பில்லை. விளக்கு, டம்ளரை விபூதி போட்டுத் தேய்ப்பதுபோல் காசைத் தேய்க்காதீர்கள். கீறல் விழும், கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியும் போகும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதில் கந்தகம் உண்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய டிபன் டப்பாவில் வைத்தால் வருடக் கணக்கில் அப்படியே இருக்கும்.

எங்கே வைப்பது?

ஒரு கிலோ வெள்ளியின் கன அளவு ஏறக்குறைய 95 மில்லி, ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. ஆனால் அதே இடத்தில் வைக்கும் தங்கத்தோடு ஒப்பிட்டால் மதிப்பு மிகக் குறைவு, அதனால் வெள்ளிக்காக மட்டும் லாக்கர் எடுப்பது கட்டாது. ஏற்கனவே லாக்கர் இருந்தால் வையுங்கள். தீ விபத்து, திருட்டு, ஊழியர் மோசடி என்று ஏதாவது நடந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் நூறு மடங்கு வரைதான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

விற்றால் வருமான வரி உண்டா?

லாபத்துக்கு உண்டு. 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்குப்படி கணக்காகும். பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்கும்தான். பில் மை சில வருடத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கடைக்காரர் வாங்கக் கூடாது.

அடகு வைக்க முடியுமா?

அடகுக்கடையில் எப்போதும் முடியும், வட்டிதான் கடுமை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் வெள்ளி அடகுக் கடனுக்கும் வழி செய்திருக்கின்றன. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கு மாற வேண்டும் என்று அதில் கெடு வைத்தார்கள். ஒருவர் வெள்ளிக் காசு 500 கிராம் வரைதான் வைக்கலாம். கட்டிக்குக் கடன் கிடையாது. காசா கட்டியா என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு வெள்ளி ஈடிஎஃப் வாங்கிவிடலாமே?

ஈடிஎஃப் என்பது வெள்ளி விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு. விலை ஏற்றம் மட்டும்தான் வேண்டும், பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கும் இருக்கிறது என்றால் அதுவே மேல். 2022 முதல் இந்தியாவில் இருக்கிறது. கூலி இல்லை, பூட்டு இல்லை. ஆனால் என் அம்மாவைப் போன்றவர்களுக்குத் திரையில் தெரியும் எண் சேமிப்பாகத் தோன்றாது. கையில் எடுத்துப் பார்க்க முடிகிற பொருளை விற்க மனம் சட்டென்று வராது. பலருக்குச் சேமிப்பு நிலைப்பதே அந்தத் தயக்கத்தால்தான். அதற்குக் கொடுக்கும் விலைதான் கூலியும் வரியும்.

அட்சய திருதியை, தீபாவளி: எப்போது வாங்குவது?

நாள் பார்த்து வாங்குவது நம்பிக்கை, அதில் நான் குறுக்கிட மாட்டேன். கணக்குப்படி பார்த்தால் கூட்ட நாளில் பேரம் பேச முடியாது, எடை போடுவதை நின்று பார்க்கவும் முடியாது. சாதாரண செவ்வாய், புதன் மதியம் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். தொலைக்காட்சியில் ‘வெள்ளி வரலாறு காணாத உச்சம்’ என்று ஓடும் வாரத்தில் கூடுதலாக வாங்காதீர்கள். எப்போதும் வாங்கும் அளவோடு நில்லுங்கள். கடன் அட்டையில் தவணை போட்டு வாங்கவே வேண்டாம்.

வேறு ஏதாவது?

டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, எடை, கடை, கொடுத்த தொகை, நான்கே பத்தி. காசு எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் கொடுத்தால் கழிவு குறைவு என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். என் பெரியப்பா இறந்து நான்கு மாதம் கழித்து, பரணில் அரிசித் தவலைக்குள் துணியில் சுற்றிய 23 காசு கிடைத்தது. அந்த நான்கு மாதமும் பெரியம்மா கைமாற்று வாங்கித்தான் குடும்பத்தை ஓட்டினார்.